தம்பிக்கு ஊர் சுத்திக் காட்டின மத்தியானம்

அது லைட்ஹவுஸ் இல்லடா, தண்ணி டேங்க். போட்டோ எடுத்துட்டியா? இருக்கட்டும், அதையும் எல்லாருக்கும் அனுப்பு. பின்னாடி கடல் தெரியுதுல்ல, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கொஞ்சம் நகந்து உக்காரு, அந்தம்மா பை வெக்கணும். இந்த ஊர் பஸ்ல ரெண்டு பேர் சீட்ல மூணு பேர் உக்காருவாங்க, மறந்துடுச்சா? மறக்கத்தான் செய்யும். நீ இங்கேர்ந்து போய் பதினாறு வருஷம் ஆச்சு.

என்ன பேப்பர் அது, குடு. ஓ, ஹோட்டல்ல குடுத்த மேப்பா. லைட்ஹவுஸ், கோட்டை, மியூசியம், மீன் காட்சி, கடற்கரை. நாலுக்கு டிக் போட்டுட்ட. பொறந்து வளந்த ஊர மேப் வெச்சுக்கிட்டு சுத்தறவன இன்னிக்குத்தான் பாக்கறேன். கோட்டைக்குப் பின்னால ஒடஞ்ச சுவர் இருக்கே, அங்கதான் நீ சைக்கிள் கத்துக்கிட்ட. சீட்டப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடி வந்தது யாரு? என் முட்டில இன்னும் தழும்பு இருக்கு. அதெல்லாம் இதுல போடல போலிருக்கு. இந்தா, மடிச்சு உள்ள வை.

லைட்ஹவுஸுக்கு இன்னிக்குப் போகல. இல்லடா, மூடியிருக்கா தொறந்திருக்கான்னு எனக்கெப்படித் தெரியும், நான் போனதே இல்ல. காலைல உன் பொண்டாட்டி முன்னாடி என்ன சொன்னேன்? நான் இவனுக்கு ஊர் சுத்திக் காட்டறேன், சாயங்காலம் அனுப்பிடறேன்னேன். நீயும் தலைய ஆட்டின. லாபில அத்தன பேருக்கு நடுவுல நான் கத்திடுவேன்னு பயந்துதானே ஆட்டின. நான் கத்த மாட்டேன். கத்தறதுக்கும் மனுஷிக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கணும்.

எறங்கு. நம்ம ஸ்டாப் வந்துடுச்சு.

ஆமா, ஆஸ்பத்திரிதான். யாருக்கும் ஒண்ணும் இல்ல, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. நீ ஊர்ல பாக்க வேண்டிய இடம் கேட்ட, நான் காட்டறேன். முன் வாசல் வழியா போகாத. அங்க போனா டோக்கன் எடு, வரிசைல நில்லுன்னு அரை நாள் போயிடும். இப்படி வண்டி நிறுத்தற எடத்துப் பக்கமா வா. வீல்சேர் இருக்கான்னு கேட்டா இல்லம்பாங்க. எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னாடி ரெண்டு நிக்கும். அதுல கிறீச் கிறீச்னு சத்தம் போடுறத எடு. சத்தம் போடாதது அழகா இருக்கும், ஆனா சுவத்துல போய் முட்டும். ரெண்டு தடவ முட்டியிருக்கேன்.

மூணாவது மாடி. நடந்தே வா, உடம்புக்கு நல்லது. நீதான் தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடறேன்னு போட்டோ போடறியே.

இந்த நீலக் கதவு. செவ்வாய்க்கெழமையும் வெள்ளிக்கெழமையும். உள்ள ஒரு பொண்ணு இருக்கா, கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பயிற்சி குடுக்கறவ. பத்து மணிக்குள்ள வந்தா சிரிப்பா. பத்தேகால்னா உன் மூஞ்சியப் பாக்காமலே பேசுவா. ஆனா கை சுத்தம், வேல சுத்தம். அவ லீவுன்னா ஒருத்தர் வருவார், அவர்கிட்ட விடாத, அவசரக்காரர். கேட்டுக்கிட்டியா? சும்மா ம் கொட்டாத, காதுல வாங்கு.

இங்க வா, இந்த ஜன்னல்கிட்ட நில்லு. அந்த ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல பாரு. கடல் தெரியுதா? லைட்ஹவுஸ் மேல ஏறினாலும் இதேதான் தெரியப் போகுது. ஆறு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவ இந்தக் கடலத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன். உள்ள அப்பா வலில கத்துவாரு, நான் எத்தன கப்பல் நிக்குதுன்னு பாத்துட்டிருப்பேன்.

எப்படி இருக்காருன்னு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா. காலைலேர்ந்து அஞ்சு மணி நேரமா கூட இருக்கேன்டா.

இருக்காரு. வலது கை வராது, வலது கால் இழுத்து இழுத்து வரும். பேச்சு ரெண்டே வார்த்தை. தூக்கு, இறக்கு. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர் வாய்ல வேற என்ன நிக்கும்? மத்த எல்லாத்தையும் அந்தப் பக்கவாதம் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு, இந்த ரெண்ட மட்டும் விட்டு வெச்சுது. தூக்குன்னா சாய்ச்சு உக்கார வை. இறக்குன்னா படுக்க வை. ரெண்டையும் சேத்துச் சொன்னா சாப்பாடு பிடிக்கலன்னு அர்த்தம். ரொம்ப மெதுவா தூக்குன்னு சொல்லிட்டு உன்னையே பாத்தார்னா பாத்ரூம். அத நீ புரிஞ்சுக்கறதுக்குள்ள ரெண்டு மூணு தடவ படுக்கை நனையும். எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

சிரிக்காத. சரி, சிரி, நானே சிரிச்சிருக்கேன். டாக்டர் வயித்த அமுக்கி அமுக்கிப் பாத்தப்ப இறக்கு இறக்குன்னு அதட்டினார் பாரு, பெரிய டாக்டர் கைய எடுத்துட்டு நின்னுட்டார்.

உன்கிட்ட என்ன சொல்வாரா? நீ வந்தாத்தானே தெரியும். கடைசியா வந்து நாலு வருஷம் ஆச்சு. வெளிய காருல இன்ஜினக் கூட நிறுத்தல நீ. அப்பா தூக்குன்னார், நீ கேக்காத மாதிரி வாட்சப் பாத்த. எழுப்பி உக்கார வைடா, உன்ன நல்லா பாக்கணும்ங்கறார்னு நான் சொல்றதுக்குள்ள, ட்ராஃபிக் ஆயிடும்க்கான்னு கெளம்பிட்ட. அதுக்கப்புறம் அன்னிக்குப் பூரா அவர் வாயத் தொறக்கல. ரெண்டு வார்த்தையும் போயிடுச்சோன்னு நான் பயந்துட்டேன்.

வா, கீழ போலாம். போன் அடிச்சா எடு, நான் ஒண்ணும் சொல்லல.

இது மருந்துக் கடை. ரோடத் தாண்டிப் பெரிய கடை ஒண்ணு இருக்கு, கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் போட்டு. அங்க போகாத, பாதி மருந்து இருக்காது, அதுக்குப் பதிலா இதுன்னு எதையாவது நீட்டுவாங்க. இவர்தான் அப்பாவுக்கு ஆறு வருஷமா குடுக்கறவர். இவன் என் தம்பிங்க. ஆமா, கூடப் பொறந்தவன்தான். பாத்தியா, எனக்குத் தம்பி இருக்கறதே அவருக்குத் தெரியல. கை குடு அவருக்கு. இந்தச் சீட்ட ஒரு போட்டோ எடுத்துக்க. தண்ணி டேங்கையே எடுத்த, இத எடுக்க மாட்டியா. மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, வெள்ளை பின்னாடி. மாத்திக் குடுத்தா வாந்தி எடுப்பார். முழுசா முழுங்க முடியாது, பொடி பண்ணித் தண்ணில கலக்கி ஸ்பூன்ல, இடது கடவாய் ஓரமா. வலது பக்கம் ஊத்தினா புரையேறும்.

எதுக்கு உனக்கு இதெல்லாமா? தெரிஞ்சுக்கோயேன். அப்பாவப் பத்திப் பொது அறிவு.

சரி, இங்க உக்காந்து ஒரு டீ குடிக்கலாம். எனக்கும் கால் வலிக்குது. நாப்பத்தேழு முடியப் போகுதுடா எனக்கு.

ஒண்ணு கேக்கறேன். முந்தாநாள் காலைல பத்து மணிக்கு நீ எங்க இருந்த? சும்மா சொல்லேன். ஆபீஸ்லயா. சரி. டீயக் குடி.

நாங்க யூனிஃபார்ம் தைக்கறோம்ல, நீ தங்கியிருக்கற ஹோட்டலுக்கும் நாங்கதான். வாசல்ல கதவத் தொறந்து விடறாரே பெரிய மீசைக்காரர், அவர் போட்டிருக்கற கோட்டு நான் வெட்டினது. புதுசா நாலு பேர் சேந்திருக்காங்கன்னு முந்தாநாள் அளவெடுக்கப் போயிருந்தேன். ரிசப்ஷனுக்குப் பின்னாடி ஒரு ரூம், கதவு பாதி தொறந்திருந்துச்சு. ஒரு பொண்ணுக்குத் தோள் அளவு எடுத்துட்டிருக்கேன், வெளிய ஒரு குரல். இன்னொரு மேப் கிடைக்குமா, குழந்த கிழிச்சுடுச்சுன்னு. டேப்பு என் கைலேர்ந்து நழுவிடுச்சு. உன் குரல் எனக்குத் தெரியாதா? அம்மா போனப்ப உனக்கு மூணு வயசு, அந்தக் குரலுக்குப் பேசக் கத்துக் குடுத்ததே நான்தான்.

எட்டிப் பாத்தேன். நீ, அவ, தொப்பி போட்டுக்கிட்டுக் குழந்த. எவ்ளோ வளந்துட்டா. மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சொல்லாம கொள்ளாம வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறான், அப்பாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு வந்திருக்கான்னு. பைத்தியக்காரி மாதிரி தலையெல்லாம் ஒதுக்கிக்கிட்டேன். வீட்ல பால் இருக்கா, படுக்க விரிப்பு இருக்கான்னு மனசு ஓடுது.

அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். அங்கேர்ந்தே, கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. விளையாட்டுக்குத்தான். நீ போன எடுத்துப் பேரப் பாத்த. பாத்துட்டு மூஞ்சிய சுளிச்ச, கொசு கடிச்சா சுளிப்பியே, அந்த மாதிரி. அப்புறம் காதுல வெச்சுக்கிட்டு, அக்கா ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன்ன. நமக்கு நடுவுல பன்னெண்டு அடி இருக்கும், அளந்து வேல பாக்கறவ சொல்றேன், அதுக்கு மேல இருக்காது. நீ பேசினது எனக்கு ரெண்டு தடவ கேட்டுச்சு. போன்ல ஒரு தடவ, கதவு வழியா ஒரு தடவ. சரிப்பா, வேலையப் பாருன்னு வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு கேக்கறா, ஊசி குத்திடுச்சாக்கான்னு. ஆமான்னேன்.

பேசாத. நீ இப்ப என்ன சொன்னாலும் எனக்குக் கொமட்டும். டைம் இல்லன்னு சொல்லுவ, குழந்த பயந்துடும்னு சொல்லுவ, அப்பாவ அந்த நெலமைல பாக்க மனசு தாங்கலன்னு சொல்லுவ. உனக்கு மனசு தாங்காது. எனக்கு மனசே கிடையாது, அதனால தாங்குது. அதானே?

டீ ஆறுது, குடிச்சு முடி. இன்னும் ஒரு எடம்தான். நடக்கற தூரம்.

காலைல நீ குழந்தைக்கு டவல் வாங்கப் போனியே, பத்து நிமிஷம். அப்ப நீச்சல் குளத்துப் பக்கம் நானும் உன் பொண்டாட்டியும் உக்காந்திருந்தோம். அவ என்னையே பாத்துட்டிருந்தா, நான் கடிச்சிடுவேன்ங்கற மாதிரி. அப்புறம் மெதுவா கேட்டா, நாங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்குப் பிடிக்காதாமே, கதவையே தொறக்க மாட்டீங்களாமேன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பாவுக்குன்னு அவ கையால ஒரு ஸ்வெட்டர் பின்னினாளாம். அனுப்பினத நான் திருப்பி அனுப்பிட்டேன்னு நீ சொன்னியாம். ஒம்போது வருஷமா அக்கா கோவக்காரி, அக்கா ஒட்ட மாட்டா, அக்காவுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது.

நில்லு, ஏன் வேகமா நடக்கற. நீ எந்த ஸ்வெட்டரடா அனுப்பின? கலரு என்ன, சொல்லு பாப்போம். பச்சையாம். எனக்கும் இன்னிக்குக் காலைலதான் தெரியும்.

நான் அவகிட்ட உன்ன விட்டுக் குடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். பழக்கம்டா, உன்னக் காப்பாத்திக் காப்பாத்திப் பழக்கம். ஸ்கூல்ல நீ ஜன்னல ஒடச்சப்ப அப்பாகிட்ட நான்தான் ஒடச்சேன்னு சொன்னவ. இந்தத் தடவ வாய் வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். முந்தாநாள் போன் பண்ணினதையும் சொன்னேன். அவ கத்தல, அழல. குழந்தையோட செருப்பக் கைல வெச்சுக்கிட்டு அந்தத் தண்ணியவே பாத்துட்டிருந்தா. அப்புறம் நீ டவலோட வந்துட்ட, சிரிச்சுக்கிட்டே.

இதான் எடம். போட் ஏறற எடம். அந்த பெஞ்ச்ல உக்காரு, ஈரமில்லாத பக்கமா. நாலரைக்கு ஒரு போட் இருக்கு, இன்னும் கால் மணி இருக்கு.

நாம ஏறல. நான் மட்டும்தான் ஏறப் போறேன்.

வேலைக்குடா. எங்க முதலாளி அக்கரைலேர்ந்து ரயில்ல ஒரு நாள் தூரத்துல புதுசா ஒரு பட்டறை தொறக்கறார். நாப்பது மெஷின். பாத்துக்க ஆள் வேணும்னு என்னைக் கேட்டார். மூணு வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவ கேக்கறார், வீட்ல அப்பா இருக்கார்னு வருஷத்துக்கு ஒரு தடவ முடியாதுன்னேன். முந்தாநாள் ஹோட்டல்லேர்ந்து நேரா அவர் ரூமுக்குப் போய், சரி, நான் போறேன்னுட்டேன். அவருக்கே நம்பிக்க இல்ல, உக்காரும்மான்னு தண்ணி குடுத்தார். பெட்டி நேத்தே பட்டறை வேன்ல போயிடுச்சு. ஆறு மாசம்னு பேச்சு. அப்புறம் வருவேனா, அங்கயே இருப்பேனான்னு போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.

விளையாடல. என் மூஞ்சியப் பாரு, விளையாடற மூஞ்சியா?

அப்பா தனியா இல்ல. உன் பொண்டாட்டியும் குழந்தையும் பன்னெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க. அவதான் நானே போய் உக்காந்துக்கறேன்னா. கீழ் வீட்டு டீச்சர் கூட இருந்து காட்டிக் குடுப்பாங்க. ஆனா அவ தலைல கட்டலாம்னு நெனக்காத, நாளைக்குக் காலைல ஃப்ளைட்ல அவளும் குழந்தையும் கெளம்பறாங்க. உன் டிக்கெட்ட நான் ஒண்ணும் பண்ணல. அவ பண்ணினா. நீ குழந்தைக்குத் தலை துவட்டிட்டிருந்தப்ப, என் முன்னாடியே போன்ல ரெண்டு தட்டுத் தட்டினா, முடிஞ்சுடுச்சு. ஹோட்டல் ரூமையும் காலி பண்ணிட்டா. உன் பெட்டி நம்ம வீட்ல இருக்கு, உன் லேப்டாப்பும் இருக்கு. எங்க உக்காந்தாலும் என் வேலை நடக்கும்க்கான்னு பெருமையா சொல்லுவியே. அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மேஜை போட்டு வெச்சிருக்கேன். வெளிச்சம் நல்லா வரும்.

யாரக் கேட்டுன்னா? என்னை யாராவது கேட்டாங்களா. நீ பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போன அன்னிக்கு எனக்கு முப்பத்தொண்ணு. என்னைக் கட்டிக்கறேன்னு ஒருத்தர் பேசிட்டிருந்தார், ஞாபகம் இருக்கா, கப்பல் ஆபீஸ்ல இருந்தவர். தம்பி வேலைல நிலைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னேன். நீ நிலைச்சுட்ட. அவருக்கு இப்ப ஹைஸ்கூல் போற பொண்ணு இருக்கா. அன்னிக்கு நீ கேட்டியா, அக்கா உனக்கு என்ன வேணும்னு?

கைய விடு. எல்லாரும் பாக்கறாங்க.

இந்தா சாவி. பெருசு வெளிக் கதவு, கொஞ்சம் தூக்கித் திருப்பணும். மருந்துச் சீட்டு உன் போன்ல இருக்கு. சந்தேகம்னா டீச்சரக் கேளு. என்னக் கேக்காத, ரெண்டு வாரத்துக்கு நான் போன் எடுக்கறதா இல்ல. மீட்டிங்ல இருப்பேன்.

அப்பாகிட்ட சொல்லாம வருவேனா. காலைல சொல்லிட்டுத்தான் வந்தேன். முடியெல்லாம் வாரி விட்டு, பக்கத்துல உக்காந்து, நான் போறேன்ப்பா, தம்பி வருவான்னேன். புரிஞ்சுதா தெரியல. தூக்குன்னும் சொல்லல, இறக்குன்னும் சொல்லல. அந்த இடது கை இருக்கே, அதுல மட்டும் அவருக்கு இன்னும் அப்படி ஒரு பலம். என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல. டீச்சரும் நானும் சேந்து விரல ஒவ்வொண்ணா பிரிக்க வேண்டியிருந்துச்சு. பாரு, இன்னும் செவந்து கெடக்கு.

கயிற அவுக்கறாங்க. தள்ளு, நான் ஏறணும். நீ வராதடா, இது ஒருத்தருக்கு எடுத்த டிக்கெட். இப்பவே கெளம்பினா அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். அப்பா அஞ்சு மணிக்கு முழிப்பார். முழிச்சதும் மொதல்ல கதவத்தான் பாப்பார், அங்க போய் நில்லு. உன்னப் பாத்ததும் கத்துவார். உன்னக் கூப்பிடறார்னு நெனச்சுக்காத, என்னத் தேடித்தான் கத்துவார். நீ நகராம நில்லு.